ஐந்தாம் நம்பர் வீட்டின் கீழ் மூன்று வரிசை

நான் வேலை பார்த்த மில்லின் லைன் வீடுகளில் கூரை ஓடுகளை இறக்கிவிட்டு வண்ணத் தகடு போடப் போகிறார்களாம். அங்கே மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் இப்போது இருப்பவர்கள் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க எல்லாக் கூரையும் பாத்தவரு. எதுக்குத்தான் வேலை கம்மி? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு, சொன்னது சரியா, அதைக் கேட்டு எதையாவது செய்து வைத்துவிடுவார்களோ என்று நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழையை என் மகள் திருத்தித் தந்திருக்கிறாள். விஷயம் என்னுடையது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பொதட்டூர்பேட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், ஆளுக்கொரு கேள்வி கேட்பார் என்றார்கள். பயந்துபோய் அன்று நான் போகவில்லை. மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. பிறகு கீற்று வேய்கிறவர்களோடு கொஞ்ச வருடம், ஓடு போடுகிற மேஸ்திரி ஒருவரோடு கொஞ்ச வருடம். அறுபதுகளின் நடுவில் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் இருந்த ஒரு ரோலிங் மில்லில் கூரை வேலை ஆளாகச் சேர்ந்தேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் மில்.

அந்த வளாகத்தில் இல்லாத கூரை இல்லை. கேன்டீன் கீற்றுக் கொட்டகை. அதற்கு வருடம் ஒரு தரம் மேலே புதுக்கீற்று போடவேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழுக்கப் பிரித்து வேயவேண்டும். மில்லிலிருந்து பறந்து வரும் பொறி எதிலாவது உட்கார்ந்துவிடுமோ என்று கோடை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதனடியில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டவன் எழுந்து போக மனசு வராமல் இருப்பான். டைம் ஆபீசுக்கு நாட்டு ஓடு. ஒரு பூனை ஓடினால் பத்து ஓடு நகரும். வருடா வருடம் மழைக்கு முன்னால் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்கவேண்டும். ஸ்டோருக்குத் தகரம். கடல் பக்கத்து உப்புக் காற்று ஆணி அடித்த ஓட்டையில்தான் முதலில் வாய் வைக்கும். அங்கே செங்காவிப் பெயிண்டைத் தொட்டு வைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மேனேஜர் பங்களா மட்டும் மெட்ராஸ் ஒட்டு. தேக்கு விட்டங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் ஒட்டி, ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு துடைப்பம். தண்ணீர் போகும் துவாரத்தில் இலை அடையக்கூடாது, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசஞ்செடி முளைக்கக்கூடாது. அவ்வளவுதான். கட்டும்போது பட்ட பாட்டை எல்லாம் அது பிற்பாடு நமக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தொழிலாளர் வீடுகள் மூன்று லைன். பி லைனும் சி லைனும் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. ஏ லைன் புதிதாகக் கட்டியது, கல்நார் ஷீட். பராமரிப்பு என்று பார்த்தால் ஷீட்டைக் குறை சொல்ல முடியாது. போல்ட்டின் கீழ் உள்ள தார் வாஷர் காய்ந்துபோனால் மாற்றவேண்டும். மற்றபடி ஐந்தாறு வருடம் நம்மைக் கூப்பிடவே கூப்பிடாது. போல்ட் வரிசையை விட்டு ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் கீழே போவான், அது வேறு. அதை அறுக்கும்போது பறந்த தூளை நாங்கள் மூக்கால் வாங்கிக்கொண்டுதான் வேலை செய்தோம். அது நெஞ்சுக்குக் கெடுதி என்று வெகுகாலம் கழித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒவ்வொரு இருமலும் ஒரு பேஜாரு.

என் மேலதிகாரி ஓவர்சியர் சுப்பராயலு. சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஈரத்துண்டு. எல்லோரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "வா, போ" என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று "வாங்க, உட்காருங்க" என்றால் எங்களில் ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

ஒழுகுகிறது என்று புகார் வந்தால் மற்றவர்கள் ஏணியைத் தேடுவார்கள். அவர் ஏணியைத் தொடமாட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போவார். அங்கே இருக்கும் அம்மாவிடம், "மழை பேஞ்சா பாத்திரத்தை எங்கெங்க வெப்பீங்கம்மா? வெச்சுக் காட்டுங்க" என்பார். அவர்கள் குண்டானையும் தட்டையும் எடுத்து வழக்கமான இடங்களில் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். பிறகு கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொல்லி, இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூரையையே பார்ப்பார். கால்மணி நேரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சங்கள் தெரிய ஆரம்பிக்கும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் எங்கேயோ நுழைந்து, ஓடு உட்காரும் ரீப்பர் கட்டையைப் பிடித்து நடந்து வந்து, வேறெங்கேயோ விழும். வட்டத்திலிருந்து சரிவின் மேல்பக்கமாக அவர் கண்ணாலேயே நடந்து போவார்.

கடைசியில்தான் நான் மேலே ஏறுவேன். பூவாளியால் இறவாணத்திலிருந்து, அதாவது கீழ் வரிசையிலிருந்து, ஒவ்வொரு வரிசையாக மேல்நோக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா வரிசையையும் நனைத்துக்கொண்டு ஓடும், எந்த வரிசை திருடன் என்று தெரியாது. உள்ளே இருந்து அவர் குரல் மட்டும் வரும்: "ஊத்து… போதும்… இன்னொரு வரிசை ஏறு நைனா… ஆங், அங்கயே நில்லு."

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மில்லில் ஃபர்னஸ் வேலை செய்கிறவர்களுக்கு மாறி மாறி ராத்திரி ஷிஃப்ட் வரும். காலையில் வீட்டுக்கு வந்து பகலில் தூங்குவார்கள். ஏ லைனில் ஷீட்டின் கீழ் சித்திரை, வைகாசியில் பகல் தூக்கம் என்பது கிடையாது. மூன்று பகல் தூங்காமல் வேலைக்குப் போன ஒருவர், பழுத்த கம்பி திரும்பி வந்தபோது காலை நகர்த்த ஒரு நொடி பிந்திவிட்டார். காலில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு ஃபர்னஸ் ஆட்கள் எல்லோரும் ஓட்டு வீட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஓட்டு வீடுகள் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒழுகின. மேனேஜர் கெட்டவர் இல்லை. வருடா வருடம் ஓட்டு லைனிலிருந்துதான் புகார், ஷீட்டு லைனிலிருந்து ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பி, சி இரண்டிலும் ஓட்டை இறக்கி ஷீட் போடுவதாக முடிவெடுத்துவிட்டார். சுப்பராயலு அவர் அறைக்குப் போய் ஒரே ஒரு மழைக்காலம் தவணை கேட்டு வந்தார். பி லைனை முழுக்கச் சரிசெய்கிறோம், மழையில் நீங்களே வந்து பாருங்கள், ஒழுகினால் ஷீட் போடுங்கள் என்றார். "எந்த வீட்டைப் பார்ப்பது?" என்று மேனேஜர் கேட்க, போன வருடம் எது அதிகம் ஒழுகியதோ அது என்று முடிவாயிற்று. அதுதான் ஐந்தாம் நம்பர்.

அந்த வீட்டில் ஏழுமலை. ஃபர்னஸ் ஆள், மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரித் தூக்கம். அவர் மனைவி கன்னியம்மா பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். என்னைப் பார்த்தபோதெல்லாம், "நாதமுனி அண்ணே, நல்லாப் பண்ணு. ஷீட்டு போட்டாங்கன்னா அடுப்பு தனியா வாங்க வாணாம், ஊடே அடுப்புதான்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் தூங்கும் புருஷனின் காலை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் பி லைனின் எட்டு வீட்டுக் கூரையையும் பிரித்தோம். பாசி பிடித்த ஓடுகளைத் தேய்த்துக் கழுவினோம். விரலால் சுண்டி ஓசை பார்த்து, விரிசல் விட்டதைக் கழித்தோம். செல்லரித்த ரீப்பரை மாற்றினோம். முகட்டு ஓட்டை மட்டும் கலவை போட்டுப் பதித்தோம். மற்ற ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் முறை. எட்டு வீட்டிலும் பூவாளிச் சோதனை செய்தோம். ஒரு சொட்டு விழவில்லை. சுப்பராயலு என் தோளைத் தொட்டு, "நல்ல கை நைனா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு மகள் ஊருக்கு இரண்டு நாள் போனார்.

எனக்கோ நிம்மதி இல்லை. பூவாளித் தண்ணீர் நேராக விழுகிறது, ஐப்பசிக் காற்றில் மழை படுத்துக்கொண்டு வருமே, ஓட்டின் அடியில் புகுந்தால்? புகுந்தால் ஐந்தாம் நம்பரில் புகுமே? ஞாயிற்றுக்கிழமை லீவு. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. முகட்டு வேலையில் மிச்சமான சிமெண்டைக் கலந்து எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன். காற்றடிக்கும் பக்கத்துச் சரிவில், கீழ் மூன்று வரிசையில், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்துகளையெல்லாம் பூசி அடைத்தேன். மேலே பார்த்தால் தெரியாதபடி ஓட்டின் உதட்டுக்கு அடியில் தள்ளிப் பூசினேன். கன்னியம்மா மோர் கொடுத்தாள். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. பி லைனில் ஏழு வீடு காய்ந்து கிடந்தது. ஐந்தாம் நம்பர் ஒழுகியது.

மேனேஜர் பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாள். காலை ஏழு மணிக்கு நானும் ஓவர்சியரும் அங்கே போனோம். மழை சற்று விட்டிருந்தது. ஏழுமலை ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, காய்ந்த பக்கத்துச் சுவரோரம் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரோரம் கன்னியம்மா நான்கு பாத்திரம் வைத்திருந்தாள்.

சுப்பராயலு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கும் இறவாணத்துக்கு இணையாக, கோடு பிடித்தது போல ஒரே வரிசையில் இருந்தன.

"ஓடு ஒடைஞ்சிருந்தா ஒரு எடத்துல சொட்டும் நைனா," என்றார் மெதுவாக. "இப்படி வரிசை கட்டி சொட்டுதுன்னா, இது மழை பண்ணது இல்ல. மனுசன் கை."

நான் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா எனக்காகப் பரிந்து வந்தாள்.

"இன்னா ஐயா, இவர கொற சொல்லாதீங்க. லீவு நாள்லகூட வந்து, வெய்யில்ல காய்ஞ்சிக்கினு, சந்து சந்தா சிமிட்டி பூசிட்டுப் போனாரு. யாரு செய்வா?"

ஓவர்சியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படிங்களா?" என்றார். "வாங்க மேஸ்திரி. உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"எதுக்குப் பூசினீங்க?"

"பயமா இருந்துச்சுங்க."

அவர் வாசலில் மிச்சமாகக் கிடந்த ஓடு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார், அதன் தலையில் இன்னொரு ஓட்டின் வால் படும்படி ஏற்றி வைத்தார். காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் கொஞ்சம் புகத்தான் செய்யும். புகுந்த தண்ணீர் கீழ் ஓட்டின் மேல் வழிந்து அதே சந்தின் வழியாக வெளியே போய்விடும். ஓடு போட்டவன் விட்ட வழி அது. நான் அந்த வழியைத்தான் அடைத்திருந்தேன். வெளியே போக முடியாத தண்ணீர் தேங்கி, ஓட்டின் தலையைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. ஓடு பற்றி எனக்குத் தெரியாத விஷயமில்லை. பயத்தில் தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

"பயம் இருக்கட்டும்," என்றார். "பயந்தா ஏறி வந்து பாருங்க. பத்து தரம் பாருங்க. பூசாதீங்க."

நான் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், என் சீட்டைக் கிழிக்கட்டும் என்றேன். "சீட்டைக் கிழிச்சா சொட்டு நிக்குமா?" என்று கேட்டுவிட்டு மணி பார்த்தார். நான் சுத்தியலையும் உளியையும் எடுத்தேன்.

கன்னியம்மா குறுக்கே வந்தாள். "அண்ணே, அத்தக் கீழ வெய்யி. ராத்திரி மறுபடி ஃபர்னசு. இவரு இப்ப தூங்கலைன்னா எப்ப தூங்குவாரு?"

சுப்பராயலு தலையாட்டினார். "சுத்தி வாணாம். தட்டினா ஓடும் ஒடையும், அவரும் எழுந்துக்குவாரு. ஆக்ஸா பிளேடு எடு."

'எடு' என்றார். மரியாதை குறைந்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

ஈர ஓட்டில் கால் நிற்காது. ஏணியைக் கூரைமேல் படுக்கப் போட்டு, கயிற்றை முகட்டுக்கு மேலாகத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கத்துப் பூவரச மரத்தில் கட்டினோம். முழங்காலுக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நான் குப்புறப் படுத்தேன். இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பிளேடு மட்டும் கையில், ஒரு முனையில் துணி சுற்றியிருந்தது. ஒவ்வொரு சந்திலும் அதை நுழைத்து, சிமெண்டை அரக்கி அரக்கிப் பொடியாக்கி வெளியே இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஓட்டின் உதடு போய்விடும்.

உள்ளே சுப்பராயலு ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டார். கையில் கன்னியம்மாவின் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி. நான் ஒரு சந்தை முடித்ததும் ஓட்டை மெல்ல விரலால் ஒரு தரம் தொடுவேன். உள்ளேயிருந்து அந்தக் குச்சியை வளைத்து நுழைப்பார். அது என் மூக்குக்கு நேரே வெளியே எட்டிப் பார்த்தால் அந்தச் சந்து பாஸ். வராவிட்டால் மறுபடி அரக்கவேண்டும். பேச்சில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குச்சியால்தான் பேசிக்கொண்டோம். ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர், நீர்வீக்கம் கண்ட கால், ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. நான் அவரை எத்தனையோ தரம் மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு மெச்சியதுபோல எப்போதும் இல்லை.

மூன்றாவது வரிசையில் இரண்டு சந்து பாக்கி இருக்கும்போது கிழக்கே கறுத்தது. முதல் தூறல் முதுகில் விழுந்தது. நான் பிளேடை வேகமாக இழுக்க ஆரம்பித்தேன். குச்சி வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி அதே சந்தில் வந்து அசையாமல் நின்றது. அவசரப்படாதே என்று எனக்குப் புரிந்தது. கடைசிச் சந்தைத் துடைத்துவிட்டு நான் இறங்கியபோது மழை வலுத்துவிட்டது. மேனேஜர் குடையோடு வாசலில் நின்றார்.

உள்ளே வந்தார். ஏழுமலையைப் பார்த்ததும் அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். பாத்திரங்களைக் கன்னியம்மா எடுத்துவிட்டிருந்தாள். நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று மழையைக் கூரைமேல் படுக்கப்போட்டு அடித்தது. எனக்கு மட்டும் தரையைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இதோ சொட்டுதே," என்றார் மேனேஜர் கிசுகிசுப்பாக. அவர் காலடியில் தரை ஈரமாக இருந்தது. சொட்டு ஒன்று விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது உங்க கொடைங்க," என்றார் சுப்பராயலு.

மேனேஜர் தன் கையைப் பார்த்தார். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை வாசலுக்கு வெளியே சாய்த்துவிட்டு வந்து மறுபடி நின்றார். அரைமணி நேரம் நின்றிருப்பார். கோபக்காரர் என்று பேர் எடுத்த மனிதர், தூங்குகிறவன் பக்கத்தில் ஒரு தடவைகூடத் தொண்டையைக் கனைக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் கிடந்த சிமெண்ட் துண்டுகளைக் காலால் தள்ளிப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"எங்க செக்‌ஷன் தப்புங்க," என்றார் சுப்பராயலு. "எடுத்தாச்சு."

யாருடைய தப்பு என்று மேனேஜர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுப்பராயலு சொல்லியிருக்கமாட்டார். "சரி, ஓடே இருக்கட்டும். வருஷா வருஷம் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பார்த்துக்கொண்டோம். சுப்பராயலு ஓய்வு பெற்ற பிறகும் நான் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் பயந்தேன், பயந்தபோதெல்லாம் ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான் இருந்தவரை பி லைனிலும் சி லைனிலும் ஓடுதான் இருந்தது. டீ குடித்துவிட்டுப் போன அந்த மூன்று பேரும் இனி வண்ணத் தகடுதான் போடுவார்கள் என்றால் போடட்டும். அதன் திருகாணிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதை வெயில் தின்னும். புரட்டாசி தோறும் ஏறிப் பார்க்கட்டும். கீழே யார் எந்த நேரத்தில் தூங்குகிறார்கள் என்று ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். அவர்களிடம் நான் சொல்ல மறந்தது இதுதான்.

அன்று மேனேஜர் போன பிறகு மழை நின்றது. நானும் ஓவர்சியரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். கன்னியம்மா இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என் விரல் நுனியெல்லாம் தோல் போயிருந்தது. சுப்பராயலு ஒரு காலை நீட்டி அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பாய் சரசரத்தது. ஏழுமலை புரண்டு படுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"இன்னாபா," என்றார், "மழையா பேஞ்சுது?"

"தூறல்தான் நைனா," என்றார் சுப்பராயலு. "நீ தூங்கு."